குளவி வந்து உட்காரும் வரை

படம் ஆரம்பித்ததுமே ஒரு பெண் மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி ஓடுகிறாள். இரவு உடையை இன்னும் மாற்றவில்லை. காலில் செருப்பில்லை. கையில் ஒரு கைக்குழந்தை, அதற்கு இடுப்புக்குக் கீழே துணி இல்லை. பின்னாலேயே மூன்று பெண் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். தன் பிள்ளை மேல் கைவைத்தவள் வீட்டுக்குச் சண்டைக்குப் போகிறாள் அவள். தரையில் புரண்டு, முடியைப் பிடித்து அடித்துக்கொண்டுவிட்டுத் திரும்புகிறாள். போகிற போக்கில் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து அந்த வீட்டைப் பார்த்து நடுவிரலைக் காட்டுகிறார்கள்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. "இப்படியா பிள்ளை வளர்ப்பது" என்றுதான் மனதில் ஓடியது. படம் மொத்தமே 26 நிமிடம். அது முடிந்தபோது நான் எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த என் மகளின் வாயருகே குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அப்படிப் பார்த்ததோடு சரி. அதற்கப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படத்தின் பெயர் 'வாஸ்ப்'. குளவி. 2003இல் ஆண்ட்ரியா ஆர்னால்ட் எழுதி இயக்கியது. 2005இல் சிறந்த குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. லண்டனுக்குக் கிழக்கே, கென்ட் பகுதியில் இருக்கும் டார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் நடக்கிற கதை. ஆர்னால்ட் பிறந்ததும் அதே ஊர்தான், 1961இல். அவருடைய அம்மாவுக்கு அப்போது பதின்பருவம்கூடத் தாண்டவில்லை. அந்த அம்மா தனியாளாக நான்கு பிள்ளைகளை கவுன்சில் குடியிருப்பில் வளர்த்தவர். கவுன்சில் குடியிருப்பு என்றால் உள்ளாட்சி கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள். படத்தில் சண்டைக்கு ஓடுகிற அந்தத் தாய் ஸோயிக்கும் நான்கு பிள்ளைகள்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டாவது தடவை பார்த்தேன். அப்போது படம் வேறு மாதிரி இருந்தது. ஒரு மகள் தன் தாயைத் திரும்பிப் பார்க்கிற படமாகத் தெரிந்தது.

சினிமா எழுதுகிறவர்கள் இதைச் சமூக யதார்த்தம் என்ற பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது த்ரில்லர். நான் பார்த்த த்ரில்லர்களில் இதைப்போல நகத்தைக் கடிக்க வைத்தது வேறில்லை. இதில் கொலைகாரன் கிடையாது, துப்பாக்கி கிடையாது, பின்னால் துரத்துகிறவன் கிடையாது. ஒரு பப்புக்கு வெளியே நான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள். உள்ளே அவர்களுடைய அம்மா இருக்கிறாள். அவ்வளவுதான்.

இதை ஏன் த்ரில்லர் என்கிறேன் என்று சொல்ல, என் கதையில் கொஞ்சத்தைச் சொல்லியாக வேண்டும்.

மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது மதுரையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு வேலை வெளியூரில், வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். காலை ஐந்தரைக்குத் தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்க வேண்டும். குழந்தை தூங்கும். எழுப்பித் தூக்கிக்கொண்டு போனால் அன்றைய நாள் முழுக்க அழுகைதான். எழுப்பாமல் போனால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம். கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஓடுவேன், சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி. பல நாள் அப்படிச் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் பால் வண்டி வரவில்லை. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று எல்லோரும் நின்றார்கள். நானும் நின்றேன். பத்து நிமிடம் ஆனது, பதினைந்து ஆனது. இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது, பால் இல்லாமல் எப்படிப் போவது என்று இன்னும் கொஞ்சம் நின்றேன். இன்றைக்கும் என்னால் விளக்க முடியாதது அந்த "இன்னும் கொஞ்சம்"தான். நடுவில் கரண்ட் போய்த் தெரு இருண்டது. பாலை வாங்கிக்கொண்டு ஓடிவந்தால், என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் வீறிட்டு அழுதுகொண்டிருக்கிறாள். தொண்டை கட்டியிருந்தது. கீழே கோலமாவுக் கிண்ணத்தோடு எதிர்வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தபடி நிற்கிறார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிட்டேன்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

சண்டை முடிந்து திரும்பும் வழியில் ஒரு கார் வந்து நிற்கிறது. ஓட்டி வருகிறவன் டேவ், பழைய பழக்கம். ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். ராத்திரி ஒரு பீர் குடிக்க வருகிறாயா என்று கேட்கிறான். இந்தப் பிள்ளைகள் யார் என்றதும், என் பிள்ளைகள் இல்லை, பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிடுகிறாள். பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். ஸோயியாக நடிக்கும் நடாலி பிரெஸ்ஸின் முகத்தில் அந்த நேரத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. அவளுக்கும் வயது இருபதுகளில்தான் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. அதுவரை அவள் யாரோ நான்கு பேருக்கு அம்மா, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் சாப்பிட எதுவும் இல்லை. ரொட்டியில் பூசணம். பிள்ளைகள் சர்க்கரைப் பையைப் பிடித்துக்கொண்டு வெறும் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு குளவி முட்டி முட்டிச் சுற்றுகிறது. ஸோயி ஜன்னலைத் திறந்து அதை வெளியே விடுகிறாள். அடித்துக் கொல்லவில்லை. இது எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் படத்தில் அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குச் சொன்னது அந்த ஒரு அசைவுதான்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாள், யாரும் கிடைக்கவில்லை. அப்புறம் நாலு பேரையும் கூட்டிக்கொண்டே பப்புக்குப் போகிறாள். பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போகிறாள்.

ஏன் வெளியே? உள்ளே கூட்டிப்போனால் பொய் வெளியாகிவிடும் என்பது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் 1964ஆம் ஆண்டின் மதுக்கடை உரிமச் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. தனி அனுமதி வாங்கிய பப்களைத் தவிர மற்ற இடங்களில், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் மது பரிமாறும் அறைக்குள் நுழையக்கூடாது. அதனால் பப் வாசலில் கோலா பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டுமாகக் காத்திருந்த அனுபவம் அந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கே உண்டு. அங்கே யாருக்கும் இது அதிசயமான காட்சி அல்ல. அதுதான் பயமாக இருக்கிறது. அந்த வாசலைக் கடந்து எத்தனையோ பேர் போகிறார்கள், வருகிறார்கள். எல்லோரும் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் அந்த நாலு பேரும் நிற்கிறார்கள்.

ஸோயி தன்னிடம் இருக்கிற சில்லறையைத் தடவித் தடவி எடுக்கிறாள். அதில் பிள்ளைகளுக்கு வருவது ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு கோலா. நாலு பேர் பங்கு போட வேண்டும். முதலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஆடுகிறார்கள். அப்புறம் வெயில் இறங்குகிறது. மூத்தவள் கெல்லிக்கு எட்டு ஒன்பது வயதுதான் இருக்கும். அவள்தான் குழந்தை வண்டியைத் தள்ளுகிறாள், தம்பி அழுதால் ஆட்டுகிறாள், தங்கைகளை அதட்டுகிறாள். அவள் முகத்தைப் பாருங்கள் என்று இந்தப் படத்தைப் பார்க்கப்போகிற எல்லோரிடமும் சொல்லுவேன். பசிக்கிறது என்று சொல்லக்கூட அவள் தயங்குகிறாள். சொன்னால் அம்மாவுக்கு அந்த ஒரு மாலையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஆண் தன் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன இருக்கிறது என்று புரியாத வயதில், அது அம்மாவுக்கு வேண்டியிருக்கிறது என்பது மட்டும் புரிந்த குழந்தை.

கேமரா ராபி ரையன். தோளில் தூக்கிய கேமரா, பெரும்பாலும் பிள்ளைகளின் உயரத்தில். உள்ளே ஸோயியோடு போகிறோம். பீர், பாட்டு, அவன் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் நமக்கும் சந்தோஷமாக இருக்கிறது. அப்போது சட்டென்று நினைப்பு வருகிறது: பிள்ளைகள்! நாமும் மறந்துவிட்டோம். ஆர்னால்ட் நம்மையும் அந்த "இன்னும் கொஞ்ச"த்துக்குள் இழுத்துவிட்டார். இந்தப் படத்தை நான் த்ரில்லர் என்று சொல்வதற்குக் காரணம் இந்த இடம்தான். வேறு படங்களில் ஆபத்து வெளியிலிருந்து வரும். இங்கே அது கடிகாரத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் விட்டால் பரவாயில்லை. இருபது நிமிடம்? ஒரு மணி நேரம்? இருட்டிய பிறகு? எந்த நிமிடத்தில் அது தவறாக மாறியது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

சட்டத்தாலும் முடியவில்லை. குழந்தையைத் தனியாக விட இத்தனை வயதாக வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் எதுவும் எண் சொல்லவில்லை. ஆபத்து வரும்படி விட்டால் குற்றம் என்கிறது 1933ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து எடுப்பதற்கு 'கணிசமான தீங்கு' என்ற அளவுகோலை வைத்திருக்கிறது 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். கணிசம் என்றால் எவ்வளவு என்பதை முடிவுசெய்ய ஒரு அதிகாரி வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டும். ரொட்டியில் பூசணம் இருந்தால்? பிள்ளை காலில் செருப்பு இல்லாவிட்டால்? அந்த அதிகாரிகளைச் சாதாரண மக்கள் 'சோஷியல்' என்று ஒரே சொல்லில் சொல்கிறார்கள். கவுன்சில் குடியிருப்பில் ஒரு தாயை மிரட்ட இந்த ஒரு சொல் போதும்.

பிறகு நடப்பதைச் சொல்கிறேன். இருட்டிவிட்டது. ஸோயி டேவின் காரில் இருக்கிறாள். பிள்ளைகளுக்குப் பசி. யாரோ கீழே விட்டுப்போன எலும்புக் கறியை எடுத்துச் சாப்பிடுகிறார்கள், தம்பிக்கும் கொடுக்கிறார்கள். குழந்தையின் முகமெல்லாம் அந்தச் சாறு. ஒரு குளவி வருகிறது. கன்னத்தில் உட்கார்கிறது. உதட்டுக்கு நகர்கிறது. வாய்க்குள் போகிறது.

கேமரா நகரவில்லை. இசை இல்லை. நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

பின்னாளில் குளவிகளைப் பற்றிப் படித்தேன். இந்தக் காட்சிக்காகவே படித்தேன் என்று சொல்லலாம். பிரிட்டனில் ஆகஸ்ட் வந்தால் பப் தோட்டங்களில் குளவித் தொல்லை அதிகம், பீர் கிளாஸ், ஜாம், கோலா எல்லாவற்றிலும் வந்து விழும். காரணம் சுவாரசியமானது. வளர்ந்த வேலைக்காரக் குளவிக்கு இடுப்பு அவ்வளவு ஒல்லி, திட உணவு அதன் வழியே வயிற்றுக்குள் இறங்காது. அது பூச்சிகளை வேட்டையாடி, மென்று, கூட்டில் இருக்கும் புழுக்களுக்கு ஊட்டுகிறது. புழுக்கள் பதிலுக்கு வாயிலிருந்து ஒரு துளி இனிப்புத் திரவத்தைத் தருகின்றன. வேலைக்காரக் குளவிக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. கோடையின் முடிவில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். ஊட்டுவதற்குப் புழு இல்லை, அதனால் இனிப்பும் இல்லை. கோடை முழுக்க ஓயாமல் ஊட்டியவை அப்போதுதான் தங்களுக்கான இனிப்பைத் தேடி வெளியே அலைகின்றன. அவற்றுக்கு மிச்சமிருப்பது சில வாரங்கள்தான்.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆர்னால்ட் இதையெல்லாம் யோசித்துத்தான் அந்தப் பெயரை வைத்தாரோ என்னவோ. எனக்கு அதற்கப்புறம் அந்தக் குளவியின் மேல் கோபம் வரவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளின் அலறலைக் கேட்டு ஸோயி ஓடி வருகிறாள், குளவி தானாக வெளியே வந்து பறந்துவிடுகிறது. அவள் போடுகிற கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. டேவுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவன் கத்தவில்லை, போய்விடவும் இல்லை. எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு சிப்ஸ் வாங்கிக் கொடுக்கிறான். அங்கே சிப்ஸ் என்றால் நம் ஊர்ப் பாக்கெட் சிப்ஸ் இல்லை, உருளைக்கிழங்கைத் தடிமனாக வெட்டிச் சுடச்சுடப் பொரித்துத் தாளில் கட்டித் தருவது. பின் சீட்டில் பிள்ளைகள் அதை அள்ளி அள்ளித் தின்கிறார்கள். டேவ் நல்லவன் என்று அந்த முடிவு சொல்லவில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், அதைத்தான் சொல்கிறது.

பிரிட்டிஷ் சினிமாவில் ஸோயிக்கு முன்னால் இரண்டு அம்மாக்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் ஸோயிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 1966 நவம்பரில் பிபிசி 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. இயக்கியவர் கென் லோச். வீடிழந்த ஒரு இளம் குடும்பம் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் அதிகாரிகள் வந்து கேத்தியின் கையிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அதை வீட்டிலிருந்து பார்த்தார்கள். 1994இல் அதே லோச் எடுத்த 'லேடிபேர்ட் லேடிபேர்ட்' படத்தில் மேகி என்ற தாய், பிள்ளைகளை அறையில் விட்டுப் பூட்டிவிட்டுப் பப்பில் பாடப் போகிறாள். அந்த இரவு தீப்பிடிக்கிறது, மகனுக்குத் தீக்காயம். அதிலிருந்து அவளுடைய பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்படுகின்றன. புதிதாகப் பிறந்த குழந்தையைக்கூட விடவில்லை. உண்மையில் நடந்ததை வைத்து எடுத்த படம் அது. மேகியாக நடித்த கிரிஸி ராக்குக்கு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. அதைப் பாதியில் நிறுத்தி மறுநாள்தான் என்னால் மீதியைப் பார்க்க முடிந்தது. பூட்டிய கதவு. எனக்கு அதற்கு மேல் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேகிக்கும் ஸோயிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசித்தேன். ஒருத்தியிடம் தீ வந்தது. ஒருத்தியிடம் வந்தது குளவி, அதுவும் கொட்டாமல் போனது. செய்த தவறு ஒன்றுதான். எனக்கு வந்தது பத்து நிமிட இருட்டு.

இப்போது 'ரெட் ரோடு'. ஆர்னால்டின் முதல் முழுநீளப் படம், 2006இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழு பரிசு பெற்றது. இது யார் பார்த்தாலும் த்ரில்லர்தான். டென்மார்க்கின் ஸென்ட்ரோபா நிறுவனமும் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தின் சிக்மா ஃபிலிம்ஸும் சேர்ந்து சிறிய பட்ஜெட்டில் ஒரு திட்டம் போட்டன. ஒரே பாத்திரங்களை வைத்து மூன்று புது இயக்குநர்கள் மூன்று படம் எடுக்க வேண்டும். பாத்திரங்களை லோன் ஷெர்ஃபிக்கும் ஆண்டர்ஸ் தாமஸ் யென்சனும் எழுதிக் கொடுத்தார்கள், கதை அந்தந்த இயக்குநருடையது. அதில் முதலில் வந்தது இது. கதையின் முடிச்சைச் சொல்லாமல் என்னால் பேச முடியாது. பார்க்காதவர்கள் அடுத்த நாலைந்து பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஜாக்கி கிளாஸ்கோ நகரக் கண்காணிப்பு கேமராக்களின் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறாள். சுவர் முழுக்கத் திரைகள். ஒரு ஜாய்ஸ்டிக்கை நகர்த்தினால் தெருவில் போகிற யாரையும் அருகில் கொண்டுவரலாம். வயதான நாயோடு தினமும் நடக்கிற ஒருவர், ராத்திரி ஆபீஸ் துடைக்கும்போது காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஆடுகிற ஒரு பெண் என்று அவளுக்குப் பிடித்த மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு அவளைத் தெரியாது. கேட் டிக்கி என்ற நடிகை அந்தத் திரைகளைப் பார்த்து லேசாகச் சிரிக்கிற விதம், ஒரு தாய் தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரியே இருக்கும். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பது நமக்குத் தெரிய வெகுநேரம் ஆகிறது.

ஒருநாள் திரையில் கிளைட் என்பவனைப் பார்த்துவிடுகிறாள். போதையில் கார் ஓட்டி அவள் கணவனையும் குழந்தையையும் கொன்றவன். தண்டனை முடியும் முன்பே வெளியே வந்திருக்கிறான். அவனைக் கேமராவில் தொடர்கிறாள், அப்புறம் கால்நடையாகத் தொடர்கிறாள், அவன் குடியிருக்கிற ரெட் ரோடு அடுக்குமாடிக்குள்ளேயே நுழைகிறாள். எதற்காக என்று படம் வெகுநேரம் சொல்வதே இல்லை. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறோம். அந்த வீட்டில் ஏப்ரல் என்ற பெண்ணாக வருகிறவர் நம்முடைய ஸோயி, நடாலி பிரெஸ்தான். பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது.

ரெட் ரோடு கட்டடங்கள் கற்பனை இல்லை. 1960களில் கட்டிய எட்டுக் கட்டடங்கள், உயரமானவற்றில் 31 மாடி. நகரத்தின் நெருக்கடியான பழைய குடியிருப்புகளிலிருந்து மக்களை எடுத்து வானத்தில் அடுக்கினார்கள். குழந்தை கீழே விளையாடினால் அம்மா இருபதாவது மாடி ஜன்னலிலிருந்து என்னதான் பார்க்க முடியும்? காலப்போக்கில் வீடுகள் காலியாக, அடைக்கலம் தேடி வந்த அகதிகளை அங்கே குடிவைத்தார்கள். 2014 காமன்வெல்த் விளையாட்டின் தொடக்க விழாவில் அதில் ஐந்து கட்டடங்களை வெடிவைத்துத் தகர்ப்பதை நேரடிக் காட்சியாகக் காட்டப் போவதாக அறிவித்தார்கள். மிச்சமிருக்கும் ஒரு கட்டடத்தில் அப்போதும் அகதிகள் இருந்தார்கள். மக்கள் எதிர்த்து ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்ட பிறகே அது கைவிடப்பட்டது. 2015 அக்டோபரில் மிச்சமிருந்த ஆறு கட்டடங்களுக்கும் வெடிவைத்தார்கள். இரண்டு முழுதாக விழவில்லை, அவற்றைப் பிறகு இடித்தார்கள். படத்தில் ஒரு காட்சி, உயரத்தில் ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்து அறைகிறது. அந்தக் காற்று இன்றைக்கும் அதே உயரத்தில் அடிக்கும், நிற்க மாடிதான் இல்லை.

ஜாக்கி செய்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவனோடு படுத்துவிட்டு, தன் முகத்தைத் தானே கல்லால் காயப்படுத்திக்கொண்டு, அவன் வன்புணர்வு செய்ததாகப் புகார் கொடுக்கிறாள். தான் ஓடி வருவது எந்தக் கேமராவில் விழும் என்று அவளுக்குத் தெரியும். நிஜமாகப் பாதிக்கப்பட்ட பெண்களின் பேச்சையே நம்பாத உலகத்தில் இப்படி ஒரு காட்சி வைக்கிறோமே என்று ஆர்னால்டும் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த இடம் இன்னும் உறுத்துகிறது. ஆனால் அதற்குப் பின்னால் வருகிற காட்சிக்காக அதைத் தாங்கிக்கொள்கிறேன். கிளைட்டுக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஜாக்கி புகாரைத் திரும்பப் பெறுகிறாள். அவனை நேருக்கு நேர் நின்று கேட்கிறாள். அப்போதுதான் உள்ளே கிடந்தது வெளியே வருகிறது. கணவனிடமும் மகளிடமும் கடைசியாகத் தான் பேசியது எரிச்சலில் எரிந்து விழுந்த பேச்சு. பிள்ளை வளர்க்கிற எந்த வீட்டிலும் தினமும் நாலு தடவை வருகிற சிடுசிடுப்பு. அதற்குப் பிறகு பேச இன்னொரு வேளை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடமும் அவள் அந்த அறையில் உட்கார்ந்து ஊரையே காவல் காத்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று எனக்குப் பட்டது.

கண்காணிப்புக் கேமராக்கள் பிரிட்டனில் இவ்வளவு பெருகியதற்குப் பின்னாலும் ஒரு தாய் இருக்கிறார். 1993 பிப்ரவரியில், லிவர்பூலுக்குப் பக்கத்தில் பூட்டில் என்ற இடத்து வணிக வளாகத்தில், இறைச்சிக் கடையில் நின்ற ஒரு தாயின் பக்கத்திலிருந்து இரண்டு வயதுக் குழந்தை காணாமல் போனது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது கேமராவில் மங்கலாகப் பதிந்திருந்தது. பிறகு அந்தக் குழந்தையைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. அதற்குப் பின் அரசு நகரங்களில் கேமரா வைக்கப் பணத்தை அள்ளிக் கொடுத்தது. கேமரா எல்லாவற்றையும் பார்த்திருந்தது. போகிற வழியில் அழுகிற அந்தக் குழந்தையை மனிதர்களும் பார்த்திருந்தார்கள். முப்பத்தெட்டு பேர் பார்த்ததாகப் பிறகு கணக்கு வந்தது. ஒரு சிலர் நிறுத்திக்கூடக் கேட்டார்கள். பிறகு அவரவர் வழியில் போய்விட்டார்கள்.

ஸோயியின் பிள்ளைகள் நின்ற அந்த வாசலை நான் மறுபடி மறுபடி நினைப்பது இதனால்தான். படம் பார்க்கிற நாம் யார் பக்கம் நிற்கிறோம்? நம்மாலும் இறங்கிப்போய் அந்தக் குழந்தையின் வாயைத் துடைக்க முடியாது. பார்க்கத்தான் முடியும். பார்த்துக்கொண்டே அந்தத் தாயை எடை போடுகிறோம். அவள் எப்போது தவறுவாள் என்று காத்திருக்கிறோம். உள்ளே போகும்போதே, "இது நல்லதுக்கில்லை" என்று சொல்லிவிட்டோம் இல்லையா? நான் சொன்னேன். கதவைப் பூட்டிக்கொண்டு ஓடியவளாகிய நானே சொன்னேன்.

2017இல் பிரிட்டன், இனிமேல் பிறக்கும் மூன்றாவது குழந்தையிலிருந்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் குழந்தைக் கணக்கில் தரும் உதவித்தொகை கிடையாது என்று ஒரு விதி கொண்டுவந்தது. ஸோயிக்கு அதற்கப்புறம் நான்காவது பிறந்திருந்தால், அந்தக் குழந்தைக்கு அந்தத் தொகையில் ஒன்றும் இல்லை. அந்த விதியை எடுத்துவிடுவதாக 2025 பட்ஜெட்டில்தான் அறிவித்தார்கள். நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் எத்தனை சர்க்கரைப் பைகள் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அந்த எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்குத் தலைகுனிந்து படியேறினேன் இல்லையா, பகல் முழுக்க வெளியே வரவில்லை. தெருவெல்லாம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். மாலையில் மகள்தான் ஜன்னலைக் காட்டி மழலையில் ஏதோ சொன்னாள். திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் புரிந்தது. இருட்டில் அவள் அழுதுகொண்டிருந்த நேரம் முழுக்க அந்த அக்கா கீழே நின்று அவளோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா வந்துருவா, இந்தா வந்துட்டா, காக்கா பாரு, எங்க காக்கா என்று.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் எங்கள் மாடிப்படிக்குக் கீழே நின்றார்.

"பூட்டாதம்மா. சும்மா சாத்திட்டுப் போ. நான் இங்கனதான் கோலம் போடுறேன்."

அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தோம். அந்த ஒன்றரை வருடமும் அவர் தன் வாசலில் போட வேண்டிய கோலத்தை நாலடி தள்ளி, எங்கள் படி தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்துதான் போட்டார்.